வென்ச்சர் கேப்பிட்டல் நேர்காணல்: எழுதப்படாத பாடத்திட்டத்தை எழுதி வைப்போம்

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் இந்தியா திரும்பினார் அண்ணல் அம்பேத்கர். பரோடா சமஸ்தானத்தில் வேலை இருந்தது. தங்குவதற்கு ஒரு அறை கிடைக்கவில்லை. பம்பாய் வந்தார். குடும்பத்தை நடத்த வேண்டும். பங்குகளில் பணம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, 1923-இல், ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் வெளியிட்டவரும் அவரே. பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று எவரும் அவரைத் தள்ளவில்லை. பணம் புழங்கும் அறைக்குள் அவர் உட்காருவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த அறையின் இன்றைய பெயர்களில் ஒன்று வென்ச்சர் கேப்பிட்டல். தமிழில் துணிகர முதலீடு என்கிறார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் குருகிராமிலும் இருக்கும் இந்த ஃபண்ட்களில் அனலிஸ்ட் வேலைக்கு, அசோசியேட் வேலைக்கு, நம் குடும்பங்களில் முதல் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இப்போது விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் சிலர் சேர்ந்து அவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்திவருகிறோம். அதிலிருந்து எனக்குத் தோன்றியதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இந்த நேர்காணலுக்கு ஒரு பாடத்திட்டம் உண்டு, அது எங்கும் முழுதாக எழுதி வைக்கப்படவில்லை, எழுதி வைக்காமல் இருப்பதே அதன் சாதி.

சாப்பாட்டு மேசையில் அப்பா பேசுவதைக் கேட்டு, மாமாவின் நண்பர் வேலைபார்க்கும் ஃபண்டில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து, அண்ணனின் கல்லூரித் தோழரிடம் மாதிரிக் கேள்வி வாங்கி ஒருவர் தயாராகிறார். இன்னொருவர் யூடியூப் பார்த்துத் தயாராகிறார். இருவரும் ஒரே நாற்காலியில் உட்காரும்போது முதலாமவருக்குப் பெயர் 'திறமை'. கல்வியைக் குடும்பத்துக்குள் பூட்டிவைத்து, வெளியே இருப்பவனைப் பார்த்து அறிவில்லை என்று சொல்வது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

நமக்கு எதற்கு இந்த வேலை?

தோழர்கள் சிலர் இந்த இடத்திலேயே மறிப்பார்கள். முதலாளித்துவத்தின் கருவறைக்குள் நம் பிள்ளைகளை அனுப்பத்தான் இவ்வளவு பாடா? நியாயமான கேள்வி. 1938-இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் எதிரிகள் என்று சொன்னவர்தான் அம்பேத்கர். அவர் இரண்டில் ஒன்றை மட்டும் எதிர்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடச் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பணம் யாருடையது என்று பாருங்கள். 2012-இல் வந்த செபி விதிகளின்படி இத்தகைய ஒரு ஃபண்டில் பணம் போட ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் எல்லாம் பணக்காரர்களின் சொந்தப் பணம்தானே, அவர்கள் யாரை வேலைக்கு வைத்தால் நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? முடியாது. 2016-இல் ஒன்றிய அரசு ஸ்டார்ட்அப்களுக்காக 10,000 கோடி ரூபாயில் ஒரு நிதித் தொகுப்பை அறிவித்தது. சிட்பி வங்கி அதை நிர்வகிக்கிறது. அந்தப் பணம் நேராக ஸ்டார்ட்அப்களுக்குப் போவதில்லை. தனியார் ஃபண்ட்களுக்குப் போய், அவர்கள் கையால் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. 2025 நிதிநிலை அறிக்கையில் இன்னொரு 10,000 கோடி அறிவிக்கப்பட்டது. உங்கள் அம்மா வாங்கும் சோப்புக்குக் கட்டிய வரியும் இதில் இருக்கிறது. அரசு வங்கியில் கிளார்க் வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் தனியார் அறையில் கிடையாது.

பட்டியல் சாதித் தொழில்முனைவோருக்கென்று தனி ஃபண்ட் இல்லையா? இருக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்டது, ஐ.எஃப்.சி.ஐ.யின் துணை நிறுவனம் நிர்வகிக்கிறது. தொடக்கத் தொகை 200 கோடி. தமிழ்நாடு அரசு 2022-இல் பட்டியல் சாதி, பழங்குடி ஸ்டார்ட்அப்களுக்காக 30 கோடியில் ஒரு நிதியைத் தொடங்கியது. இவை தேவை, வரவேற்போம். ஆனால் 10,000 கோடிக்குப் பக்கத்தில் 200 கோடியை வைத்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு பெரிய குளம், சேரிக்கு ஒரு தனிக் கிணறு என்ற பழைய ஏற்பாடு நினைவுக்கு வரவில்லையா? மகத் குளத்தில் தண்ணீர் எடுக்க 1927-இல் போனது, தனிக் கிணறு கேட்டு அல்ல.

அதனால் போக வேண்டும் என்கிறேன். போகிறவர் முதலாளித்துவத்தைத் திருத்திவிடுவார் என்ற கனவு எனக்கில்லை. அந்த அறை எப்படி முடிவெடுக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும், அங்கே கிடைக்கும் சம்பளமும் நம் வீடுகளுக்கு வர வேண்டும். இரண்டு காரணமும் எனக்குப் போதும்.

கதவில் என்ன நடக்கிறது?

தனியார் வேலைவாய்ப்பில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடம் வெறும் புலம்பல் மட்டும் இல்லை, ஆய்வுகள் இருக்கின்றன. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரீந்தர் ஜோத்கா, கேத்ரின் நியூமன் இருவரும் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், வேட்பாளரின் குடும்பப் பின்னணியைக் கேட்டறிவதும் அவசியம் என்றார்கள்.

அமெரிக்காவிலும் கதை வேறு மாதிரி இல்லை. லாரன் ரிவேரா 2012-இல் வெளியிட்ட ஆய்வு, முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எப்படி ஆளெடுக்கின்றன என்று பார்த்தது. நேர்காணல் செய்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டத்தில் மிக முக்கியமானதாகச் சொன்னது, 'நம்மோடு ஒத்துப்போவாரா' என்பதை. தங்களைப் போலவே விளையாடுகிற, பயணம் போகிற, பேசுகிற ஆட்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு அங்கே வைத்த பெயர் 'கல்ச்சர் ஃபிட்'. நம் ஊரில் அந்தச் சொல்லைத் தமிழில் பெயர்க்கத் தேவையில்லை. 'நம்மவங்களா?' என்று கேட்டுப் பழகிய சமூகம் இது.

துணிகர முதலீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரு ஃபண்டில் பத்திருபது பேர்தான் வேலை செய்வார்கள். பல இடங்கள் விளம்பரமே ஆகாமல் அறிமுகத்தின் வழியாக நிரம்பிவிடும். அதற்கு மேல், இந்த வேலையே ஆட்களைத் தெரிந்துவைத்திருக்கிற வேலை: நல்ல ஸ்டார்ட்அப் எங்கே முளைக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆக, 'உங்கள் நெட்வொர்க் எப்படி?' என்பது அங்கே நேர்மையான தொழில்கேள்வி போலவே ஒலிக்கும். அகமண முறையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட நெட்வொர்க் ஒரு பக்கம், விடுதி நண்பர்கள் இன்னொரு பக்கம் என்பது அந்தக் கேள்வியில் தெரியாது.

இனி பாடத்திட்டம்

முதல் பாடம், ஃபண்டின் கணக்கு. பெரும்பாலானவர்கள் கம்பெனிகளைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறார்கள். எதிரே இருப்பவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதைப் படிப்பதில்லை. ஒரு எடுத்துக்காட்டு. ஒரு ஃபண்ட் 400 கோடி திரட்டியிருக்கிறது. ஆயுள் 10 ஆண்டுகள். வழக்கமான ஏற்பாடு, ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம்; லாபத்தில் 20 சதவீதம் நடத்துகிறவர்களுக்கு. பத்தாண்டும் அதே கட்டணம் என்றால் 80 கோடி அதற்கே போய்விடும். பணம் போட்டவர்களோ 400 கோடி 1,200 கோடியாகத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இப்போது நீங்கள் சொல்லும் ஒரு கம்பெனியில் 4 கோடி போடுகிறார்கள். பணம் வருமுன் கம்பெனியின் மதிப்பு 16 கோடி, வந்தபின் 20 கோடி. ஃபண்டுக்கு 20 சதவீதப் பங்கு. அடுத்த சுற்றில் புதிய முதலீட்டாளருக்கு 20 சதவீதம் கொடுத்தால் எல்லோருடைய பங்கும் ஐந்தில் ஒன்று சுருங்கும். நம் ஃபண்டின் பங்கு 16 சதவீதமாகும். கம்பெனி 500 கோடிக்கு விலைபோகிறது. 16 சதவீதம் என்றால் 80 கோடி. 4 கோடி 80 கோடியானது, 20 மடங்கு! நம் வீடுகளில் இதைக் கேட்டால் பொங்கல் வைப்பார்கள். அந்த அறையிலோ கணக்கு வேறு: 1,200 கோடி இலக்கில் இது பதினைந்தில் ஒரு பங்கு. இந்த ஒரு கம்பெனியே மொத்த இலக்கையும் அடைய வேண்டுமென்றால் அது 7,500 கோடிக்கு விலைபோக வேண்டும். போட்ட பணத்தில் பெரும்பகுதி மூழ்கும், ஓரிரண்டு கம்பெனி மொத்தத்தையும் தூக்கிவிடும் என்ற நம்பிக்கையில் நடக்கும் தொழில் இது. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கில் ஆக்செல் 2011-இல் 10 லட்சம் டாலர் போட்டது. 2021-இல் அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. எல்லா ஃபண்ட்களும் தேடுவது இந்த மாதிரி ஒன்றைத்தான். 'இது எவ்வளவு பெரிதாகும்?' என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பேராசையால் மட்டுமல்ல, இந்தக் கணக்கால். மேலே உள்ள எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, பேனாவும் தாளும் மட்டும் வைத்துப் பத்து முறை செய்து பாருங்கள்.

இரண்டாவது பாடம், பயத்தைப் பற்றியது. எங்கள் மாதிரி நேர்காணலில் ஒரு தோழரிடம், முதலீட்டு அனுபவம் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். அவருடைய அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாக மகளிர் குழுவின் கணக்கு நோட்டை வைத்திருப்பவர். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் இரண்டு தவணை தவறினாலும் மூன்றாவதில் கட்டிவிடுவார், யார் கணவனுக்காகக் கையெழுத்துப் போடுகிறார் என்று எல்லாம் அறிந்தவர். அந்த நோட்டைப் பள்ளிக் காலத்திலிருந்து எழுதியதே இந்தத் தோழர்தான். அது அனுபவமில்லையா?

அனுபவம்தான். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுப்பவர் கேட்பது: இது திரும்பி வருமா? துணிகர முதலீட்டாளர் கேட்பது: இது ஜெயித்தால் எவ்வளவு? கடனில் நல்லவரைக் கண்டுபிடிப்பதைவிட மோசமானவரைத் தவிர்ப்பது முக்கியம், இங்கே நேர்மாறு. ஒரு முறை விழுந்தால் எழ முடியாத குடும்பங்களில் வளர்ந்த நாம் எதைப் பார்த்தாலும் முதலில் ஓட்டையைத்தான் பார்க்கிறோம். அது கோழைத்தனமல்ல, கணக்கு. அந்த அறையில் இருப்பவர்கள் அதைக் கற்பனைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசினாலும், அது வென்றால் உலகம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு எங்கே உடையும் என்று சொல்லுங்கள். இரண்டாவதில் உங்களைவிட நன்றாகப் பேச அங்கே ஆள் இருக்காது.

கேட்கிறவர்களின் பக்கமும் இது நடக்கிறது. டானா கான்ஸும் சக ஆய்வாளர்களும் நியூயார்க் ஸ்டார்ட்அப் போட்டி ஒன்றின் கேள்வி-பதில்களை ஆராய்ந்தார்கள். ஆண் நிறுவனர்களிடம் எப்படி ஜெயிப்பீர்கள் என்ற வகைக் கேள்விகளும், பெண்களிடம் எப்படித் தோற்காமல் இருப்பீர்கள் என்ற வகைக் கேள்விகளும் அதிகம் கேட்கப்பட்டதைக் கண்டார்கள். தோல்விக் கேள்விக்கு வெற்றியைப் பற்றிப் பதில் சொன்னவர்களுக்கு அதிகப் பணம் கிடைத்தது. சாதிக்கும் இதுவே நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் வழிமுறை நமக்கும் உதவும். 'இந்த வேலை உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா?' என்று கேட்டால், கஷ்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம், செய்யப்போவதைப் பற்றி ஐந்து வாக்கியம்.

மூன்றாவது பாடம், உங்களுடைய சொந்தக் கருத்து. 'நீங்கள் எங்கே முதலீடு செய்வீர்கள், ஏன்?' என்று நிச்சயமாகக் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள். என்ன பிரச்சினை, யார் காசு கொடுப்பார்கள், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவு, அவர் எவ்வளவு காலம் தங்குவார், போட்டி யார், எது நடந்தால் இது செத்துவிடும். இவ்வளவுதான் அதன் எலும்புக்கூடு. பொருளைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே விதி: கேள்வி கேட்பவரைவிட உங்களுக்கு எது அதிகம் தெரியுமோ அது.

பைஜூஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர். 2024-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் நம் தெருவிலிருந்து பார்க்கலாம்: முதல் தலைமுறைப் பெற்றோர்களைக் கடன் வாங்க வைத்துப் படிப்பை விற்றார்கள் என்ற புகார். 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமே அதன் தலைமை அதிகாரிக்கு அழைப்பாணை அனுப்பியது. மாதத் தவணையில் வாங்கிய டேப்லெட் மூன்றாவது மாதம் பரணில் கிடக்கும் வீடு எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர் முதலீட்டுக் குழுவில் இருந்திருந்தால், விற்பனை எண்ணிக்கையை விட்டுவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார். இது அனுதாபக் கேள்வி அல்ல, முதலீட்டுக் கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்ததே உங்கள் தகுதி.

இன்னொரு எடுத்துக்காட்டு, கழிவுநீர்த் தொட்டி இயந்திரங்கள். கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் 2018-இல் பேண்டிகூட் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மனிதர் இறங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இலிருந்து இருக்கிறது. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. அப்படியானால் இது பெரிய சந்தையா? வாங்குபவர் உள்ளாட்சி அமைப்பு. பில் பாஸாக மாதங்கள் ஆகும். சட்டம் அமலாகாத ஊரில், உயிரின் விலை மலிவாக இருக்கும்வரை, இயந்திரத்துக்குத் தேவையே எழாது. இதையெல்லாம் அலசி, 'இந்தத் தொழில் நடக்க வேண்டும், ஆனால் பத்தாண்டில் பணம் திரும்ப வேண்டிய ஃபண்டுக்கு இது பொருந்தாது, அரசுதான் முதலீடு செய்ய வேண்டும்' என்று முடித்தால்கூட அது நல்ல குறிப்பு. வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரை அவர்கள் தேடுகிறார்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. தலித் வேட்பாளர் என்றால் சாக்கடையைப் பற்றியும் வறுமையைப் பற்றியும்தான் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்குச் சிப் வடிவமைப்பு பிடிக்குமா, வீடியோ கேம் பிடிக்குமா, அதைப் பேசுங்கள். நம் வலியை விற்றுத்தான் உள்ளே போக வேண்டும் என்றால் அதுவும் ஒரு சாதித் தொழில்தான்.

நான்காவது பாடம், பெயரும் பின்னணியும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அதன் பலனாக நம்மில் பலருக்குப் பெயரும் ஒரு தலைப்பெழுத்தும் மட்டுமே. மும்பையிலோ குருகிராமிலோ அது அவர்களுக்குப் புதிர். 'முழுப் பெயர் என்ன? இந்த எழுத்து எதைக் குறிக்கிறது? அப்பா என்ன செய்கிறார்?' என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். பதில் எளிது: அது அப்பாவின் பெயர், எங்கள் ஊரில் சாதிப் பெயர் போட்டுக்கொள்வதில்லை. புன்னகையோடு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்பாவின் வேலையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம்.

சாதியை வெளிப்படையாகச் சொல்வதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். அது உங்கள் முடிவு. சொல்வது வீரம், சொல்லாமல் இருப்பது துரோகம் என்று அளக்க எவருக்கும் உரிமை கிடையாது. வீட்டுக்கு வாடகை அனுப்ப வேண்டியவர் நீங்கள். என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான்: பொய்யான கதை ஒன்றைக் கட்டாதீர்கள். கட்டினால் வேலை கிடைத்த பிறகு ஒவ்வொரு மதிய உணவிலும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது பாடம், நெட்வொர்க். உங்களிடம் இல்லாததை இருப்பதுபோல் காட்ட வேண்டாம். உருவாக்குங்கள். நேர்காணலுக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஐந்து ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு அறிமுகமில்லாமலே எழுதி, இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் கூட்டங்களுக்குப் போங்கள். 2005-இல் தொடங்கிய தலித் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான டிக்கியின் உறுப்பினர்களைச் சந்தியுங்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் கடன் பெற்றவர் உங்கள் மாவட்டத்தில் யார் என்று விசாரியுங்கள். அப்போது நெட்வொர்க் கேள்விக்கு உங்கள் பதில்: 'உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நிறுவனர்களை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாத இவர்களை எனக்குத் தெரியும்.' ஒரு ஃபண்டுக்கு இரண்டாவது வகைதான் அதிக மதிப்பு. அது அவர்களுடைய தொழில் தர்க்கப்படியே உண்மை.

கடைசியாக, 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். இதைக் கேளுங்கள்: 'உங்களுடைய கடைசிப் பத்து முதலீடுகளில், யாருடைய அறிமுகமும் இல்லாமல் தானாக மின்னஞ்சல் அனுப்பி வந்த நிறுவனர்கள் எத்தனை பேர்?' மரியாதையான, தொழில் சார்ந்த கேள்வி. பதில் வரும் விதத்திலேயே அந்த இடத்தில் நீங்கள் மூச்சுவிட முடியுமா என்று தெரிந்துவிடும். நேர்காணல் ஒரு வழிப் பாதை அல்ல.

தயாரிப்பு போதுமா?

போதாது. இவ்வளவையும் படித்துவிட்டுப் போகிறவர்களிலும் பலர் திரும்பி வருவார்கள். அது அவர்களுடைய தோல்வி என்று அவர்களையே நம்ப வைப்பதுதான் 'மெரிட்' என்ற சொல்லின் வேலை. கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் இன்னும் கொஞ்சம் தயாராகிப் போயிருந்தால் வாடிக்கையாளர்கள் வந்திருப்பார்களா?

இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை, அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னேறிய சாதியினர் என்று காட்டியது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 சதவீதம். ஃபண்ட்களுக்கு இப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கட்டும் என்று நாம் கேட்க வேண்டும். சிட்பி வழியாகவோ மாநில அரசு வழியாகவோ பொதுப் பணம் வாங்கும் ஒவ்வொரு ஃபண்டும் மூன்றைச் செய்ய வேண்டும். எல்லா வேலைகளையும் பொதுவில் விளம்பரம் செய்து, எதைப் பார்த்து ஆளெடுக்கிறோம் என்பதை எழுத்தில் தர வேண்டும். தன் ஊழியர்களின், தான் பணம் கொடுத்த நிறுவனர்களின் சமூகப் பிரிவு விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொடக்கநிலை வேலைகளில் இடஒதுக்கீடு தர வேண்டும். தனியார் பணம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமானால் பொதுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நேர்காணலுக்குப் போய்வருகிற ஒவ்வொருவரும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அன்று இரவே உட்கார்ந்து கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் எழுதுங்கள். எது பாடக் கேள்வி, எது பரம்பரைக் கேள்வி என்று பக்கத்தில் குறியுங்கள். அதை வாசகர் வட்டத்தில், விடுதியில், வாட்ஸப் குழுவில் போடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அவர்கள் குடும்பத்துக்குள் வாய்வழியாகக் கடத்துவதை நாம் தாளில் எழுதித் தெருவுக்குக் கொடுப்போம். அடுத்த மாதம் நேர்காணலுக்குப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் அந்தத் தாள் வேண்டும்.